கத்தியின் வாய்க்கு வன்மை, முதுகுக்கு மென்மை: கமக்கருவிகளுக்குத் தோய்ச்சல் இடும் முறை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில், வெல்லாவெளியைச் சூழ்ந்துள்ள வட்டைகளிற் பெரும்போக வேளாண்மையின் பெரும்பகுதியை இந்நாளில் அறுவடை இயந்திரமே வெட்டிவிடுகின்றது. ஆயினும் மழையினாற் சாய்ந்து படிந்த பயிரும், இயந்திரம் இறங்கமாட்டாத சேற்று மூலைகளும், வரம்போரங்களும் இன்றும் தாக்கத்திக்கே விடப்படுகின்றன. வேலி கட்டுதற்கும் பற்றை வெளியாக்குதற்கும் காட்டுக்கத்தி வேண்டும். மேட்டுநிலத்திற் கத்தரி, வெண்டி, பயற்றை முதலியவற்றைச் செய்வோருக்குச் சிறு கத்தியும் மண்வெட்டியும் நாள்தோறும் வேண்டும். இக்கருவிகளுட் பல இன்னும் ஊர்க் கொல்லரின் கையால் அடிக்கப்படுவனவே.

கையால் அடித்த கத்தியிற் கமக்காரர் காணும் குறைகள் இரண்டு. ஒன்று, கத்தி வெட்டுமிடத்து வாய் மடிந்துபோதல்; காலையில் தீட்டியது முற்பகலிலேயே மழுங்கிவிடும். மற்றையது, வாய் சில்லுச் சில்லாக உதிர்தல், அல்லது கத்தியே இரண்டாக முறிதல். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான குறைகள். முன்னையது மென்மையால் வருவது. பின்னையது அளவிறந்த வன்மையால் வருவது. மழுங்கிய கத்தியை ஓங்கி வெட்டுபவரின் கை சறுக்குகின்றது. முறிந்த கத்தியின் முனையோ எவர் கண்ணிற் பாயுமென்று சொல்லமுடியாது. ஆகையால் இது பணச்செலவைப் பற்றிய காரியம் மாத்திரம் அன்று.

இதற்கு மருந்து, கத்தி முழுவதையும் நடுத்தரமான வன்மையுடையதாகச் செய்வதென்று சிலர் கருதுவர். அவ்வாறு செய்த கத்தி மோசமானதன்று; ஆனால் நல்லதும் அன்று. வெட்டும் வாய்க்கு வேண்டிய குணம் வேறு, அடியைத் தாங்கும் முதுகுக்கு வேண்டிய குணம் வேறு. ஒரே கத்தியில் இவ்விரண்டையும் வெவ்வேறிடத்தில் அமைப்பதே கொல்லரின் திறமை.

மூத்தோரின் கத்தி ஏன் நன்றாயிருந்தது

பாட்டன் காலத்துக் கத்தியைப் போல இப்போது கத்தி கிடைப்பதில்லை என்னும் பேச்சை எவ்வூரிலும் கேட்கலாம். அதில் உண்மை ஓரளவு உண்டு. அதன் காரணம் கொல்லரின் சோம்பல் அன்று, இரும்பு மாறியமையே.

பழங்காலத்தில் உருக்கு அரிய பொருள். இலங்கையில் உருக்குச் செய்தார்களா என்று ஐயுறுவோர், பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியைப் பற்றி அறிதல் நன்று. அங்கே மலைச்சரிவுகளில் மேற்கு நோக்கி அமைக்கப்பட்ட உலைகளை ஆராய்ந்த கில் ஜூலெஃப் என்னும் தொல்லியல் அறிஞர், கி.பி. 7 ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11 ஆம் நூற்றாண்டு வரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு அங்கு இரும்பு உருக்கப்பட்டதென்று 1996 இல் வெளியிட்டார். அதுபோன்ற உலையொன்றை அமைத்து எரித்துப் பார்த்தபோது, காபன் மிகுந்த உருக்கும் அதிற் கிடைத்தது. மூடிய மண்குகைக்குள் இரும்பையும் மரச்சிறாயையும் இட்டுக் காய்ச்சி உருக்காக்கும் வேறொரு முறையும் பலாங்கொடைப் பக்கத்தில் இருந்தது. 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் அளவைப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி அதனைப் பதிவுசெய்திருக்கின்றார். தமிழகத்திலும் இத்தகைய குகையுருக்கு நெடுங்காலம் செய்யப்பட்டது.

இவ்வாறு உழைத்துப் பெற்ற உருக்கைக் கத்தி முழுவதற்கும் செலவிட எவராலும் இயலாது. ஆகையாற் கொல்லர் கத்தியின் உடலை மெல்லிரும்பாற் செய்து, வாயில் மாத்திரம் உருக்குத் துண்டொன்றை வைத்துக் காய்ச்சி ஒட்டடித்தனர். அக்கத்தியை முழுவதும் சிவக்கக் காய்ச்சி நீரில் இட்டாலும் உருக்குள்ள வாய் மாத்திரமே வன்மை பெறும். மெல்லிரும்பாகிய முதுகு எத்தனை முறை தோய்த்தாலும் மெல்லிதாகவே இருக்கும். செலவைச் சுருக்கச் செய்த ஏற்பாடே சிறந்த கத்தியையும் தந்தது.

இன்றைய நிலை வேறு. கொல்லர் பெரும்பாலும் பழைய லொறியின் வில்தகட்டை வாங்கி அதிலிருந்தே கத்தியை அடிக்கின்றனர். வில்தகடு மலிவானது, நல்ல உருக்கு, ஏறத்தாழ நூற்றுக்கு 0.6 பங்கு காபன் உடையது. ஆனால் அது வாய் முதல் முதுகு வரை ஒரே உருக்கு. முழுவதையும் காய்ச்சி முழுவதையும் தோய்த்தால் முழுவதும் கண்ணாடி போலாகிவிடும். முன்னர் இரும்பே செய்துகொடுத்த வேறுபாட்டை இப்போது நெருப்பாலும் தோய்ச்சலாலும் உண்டாக்கவேண்டியிருக்கின்றது. இதனை அறியாத பட்டறையில் அடித்த கத்திதான் முறிகின்றது.

எவ்விரும்பு தோய்ச்சலை ஏற்கும்

உருக்கு என்பது இரும்பும் சிறிதளவு காபனும் சேர்ந்த பொருள். காபன் நூற்றுக்கு 0.25 பங்கிற்குக் குறைந்தால் தோய்ச்சல் பயன்தராது. வேலிக் கம்பி, சாதாரண இரும்புத் தகடு ஆகியவை இவ்வகையின. கட்டடக் கம்பியையும் நம்பிக் கத்தி அடித்தல் ஆகாது. வில்தகடு ஏற்கும். பழைய அரம் மிக நன்றாக ஏற்கும். அதிலே காபன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலோ அதற்கு மேலோ இருப்பதால் எளிதில் முறியுந் தன்மையும் உண்டு. சிறு கத்திக்கு அரம் தகும், காட்டுக்கத்திக்குத் தகாது.

எது எதுவென்று தெரியாவிடின் சாணைச் சில்லிற் பிடித்துத் தீப்பொறியைப் பார்க்கலாம். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாகச் சென்று அணையும். காபன் மிகுந்த உருக்கின் பொறியோ முனையிற் பூப்போற் கிளைத்து வெடிக்கும். துத்தநாகம் பூசிய தகட்டை எக்காரணங்கொண்டும் உலையில் இடலாகாது. அதன் புகை நஞ்சு.

சூட்டின் அளவு

உருக்கைச் சிவக்கக் காய்ச்சும்போது அதனுள்ளிருக்கும் காபன், நீரிற் சீனி கரைவது போல, இரும்பினுள் கரைந்துவிடும். மெல்ல ஆறவிட்டால் அக்காபன் மீண்டும் பிரிந்து தன்னிடத்துக்குச் செல்லும், உருக்கு மென்மையாகும். சடுதியாகக் குளிர்வித்தால் பிரிந்துசெல்ல நேரமின்றிக் காபன் உள்ளேயே சிறைப்பட்டு, ஊசி ஊசியான மிகக் கடினமான பளிங்கமைப்பு உண்டாகின்றது. அடோல்ஃப் மார்ட்டென்ஸ் (1850-1914) என்னும் ஜேர்மனிய அறிஞரின் பெயரால் அதனை மார்ட்டென்சைட்டு என்பர். எனவே வன்மை வேண்டுமிடத்தைச் சடுதியாகவும், மென்மை வேண்டுமிடத்தை மெல்லவும் குளிர்விக்கவேண்டும். பின்வரும் முறைகள் யாவும் இவ்வொன்றையே அடிப்படையாகக் கொண்டவை.

காபன் கரைவதற்கு எவ்வளவு சூடு வேண்டும்? கொல்லர் நிறத்தைக் கண்டு மதிப்பர். நிறம் பட்டறையின் வெளிச்சத்துக்கேற்ப வேறாகத் தோன்றும். மத்தியான வெயிலில் மங்கலாகத் தெரியும் சிவப்பு, நிழலிற் பார்த்தாற் கடுஞ் சிவப்பாயிருக்கும். அதனாற் கூரையின் கீழ், மங்கலான ஒளியில், ஒரே நேரத்தில் வேலைசெய்யும் பழக்கம் நன்று. இதனினும் உறுதியான சோதனை காந்தமே. பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலுள்ள காந்தம் போதும். அதனைக் கம்பியிற் கட்டித் தொங்கவிட்டுச் சிவந்த கத்தியை அதனருகே கொணர்க. ஏறத்தாழ 770 பாகை செல்சியஸ் அளவில் உருக்கு காந்தத்தாற் கவரப்படாமல் விடும். அதற்குச் சற்று மேலே, அதாவது காந்தம் விட்டபின் நிறம் இன்னும் ஒரு படி தெளியும் அளவுக்குச் சூடேற்றினால் அதுவே தோய்ச்சலுக்குரிய பதம்.

இதனைக் கடந்து மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சுவோர் உளர். சூடு கூடினால் வன்மையும் கூடுமென்பது அவர்கள் எண்ணம். அது பிழை. மிகுந்த சூட்டில் உருக்கின் மணி பருத்துவிடும். பருமணியுள்ள கத்தி மெல்லிய அடிக்கும் முறியும். அதே தகட்டிலிருந்து விரலளவு துண்டொன்றை வெட்டிக் காய்ச்சித் தோய்த்து, துணியாற் சுற்றிச் சுத்தியலால் முறித்துப் பார்க்கவேண்டும். முறிந்த முகம் பட்டுப்போல் நுண்ணிய சாம்பல் நிறமாயிருந்தாற் சூடு சரி. சீனி போலப் பளபளவென்று மணிமணியாகத் தெரிந்தாற் சூடு மிகை. இச்சிறு சோதனையைச் செய்யும் பட்டறைகள் சிலவே. கமக்காரர் கேட்டால் எந்தக் கொல்லரும் செய்துகாட்டுவார்.

அடித்து முடித்த கத்தியை உடனே தோய்க்கலாகாது. அதனைச் சிவக்கக் காய்ச்சிக் காற்றிலே தானாக ஆறவிடவேண்டும். இவ்வாறு மும்முறை செய்தால் அடித்தபோது உண்டான உள்விறைப்பு நீங்கி மணியும் நுண்ணிதாகும்.

வாயை மாத்திரம் தோய்த்தல்

காட்டுக்கத்தி போன்று வாய் நேராகவோ வெளிப்புறம் சற்று வளைந்தோ உள்ள கருவிக்கு இம்முறை எளிது. சிரட்டைக்கரி நெருப்பு சீராக எரியட்டும். துருத்திக் காற்றை அளவோடு விட்டு, கத்தியின் முதுகைக் கீழாகவும் வாயை மேலாகவும் வைத்துக் காய்ச்சவேண்டும். வாய் மெல்லிதாதலால் அது முதலிற் சூடேறிக் கருகிவிடும். முதுகு முன்னே சூடேறி வாய் பின்னே வருவதே முறை. பிடிக்குள் இறங்கும் வால் சிவக்கவேண்டுவதில்லை.

தோய்ச்சலுக்கு நீரா எண்ணெயா என்னும் வினா இங்கு எழும். நீர் கடுமையாகக் குளிர்விக்கும். எண்ணெய் மென்மையாகக் குளிர்விக்கும். வில்தகட்டுக்கு எண்ணெயே போதும். அதனை நீரில் இட்டால் வாயில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அவ்வெடிப்பே பின்னொருநாள் முறிவாகும். வாவியை அண்டிய ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். உவர்நீர் நன்னீரைக் காட்டிலும் கடுமையாகக் குளிர்விக்கும். சூடான இரும்பைச் சுற்றி எழும் ஆவிப்படலத்தை உப்பு உடைத்துவிடுதலே அதன் காரணம். வாவி நீரை அள்ளித் தோய்த்த கத்தி வெடிக்கும்போது உருக்கின்மேற் பழி போடுதல் நியாயமன்று.

தேங்காயெண்ணெயோ மலிவான வேறு தாவர எண்ணெயோ தகும். எண்ணெயை முதலில் 50 முதல் 60 பாகை வரை சூடாக்கவேண்டும். சூடான இரும்புத் துண்டொன்றை அதில் இட்டால் அச்சூடு வந்துவிடும். இளஞ்சூடான எண்ணெய் இளகியோடிக் கத்தியை நன்கு குளிர்விக்கும். பழைய இயந்திர எண்ணெயைப் பட்டறைகளில் இதற்குப் பயன்படுத்துகின்றனர். அதன் புகையில் நச்சுப் பொருள்கள் இருப்பதால் அதனை விலக்குதல் நன்று. எண்ணெய் தீப்பற்றினால் மூடியாலே மூடி அணைக்கவேண்டும். நீரை ஊற்றினால் நெருப்புப் பரவும். மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சிவந்த கத்தியின் வாயை, அகலத்தில் மூன்றிலொரு பங்கு மாத்திரம், எண்ணெயில் இறக்குக. ஒரே கோட்டில் அசையாது பிடித்தால் அக்கோட்டிலே வெடிப்புத் தோன்றுமாதலால், மெல்ல மேலுங் கீழுமாகச் சிறிது அசைத்தல் வேண்டும். வாய் கறுக்கும், முதுகு இன்னும் சிவந்திருக்கும். இங்கேதான் பொறுமை வேண்டும். முதுகின் சிவப்பு மறையுமுன் கத்தி முழுவதையும் எண்ணெயுள் அமிழ்த்தினால் முதுகும் வன்மை பெற்றுவிடும். செய்த பாடெல்லாம் வீண். சிவப்பு மறைந்த பின்னும் சற்றுப் பொறுத்தே வெளியில் எடுக்கவேண்டும்.

தாக்கத்திக்கு உரிய முறை

தாக்கத்தியின் வாய் உட்புறம் வளைந்தது. அதனை எண்ணெயில் இறக்கினால் நுனியும் அடியும் முதலில் முழுகும், நடுவாய் வெளியே நிற்கும். நடுவாய் நனையும்வரை இறக்கினால் நுனி முழுவதும் முழுகிவிடும். தாக்கத்திகள் பெரும்பாலும் நுனியில் முறிவதற்கும் நடுவில் மழுங்குவதற்கும் இதுவே காரணம்.

இச்சிக்கலுக்கு வெளிநாட்டுக் கொல்லர் இருவகையாக வழி கண்டுள்ளனர். நேபாளத்தின் குக்ரிக் கத்தியும் உட்புறம் வளைந்ததே. அதுவும் இப்போது வாகன வில்தகட்டால் அடிக்கப்படுகின்றது. அங்குள்ள கொல்லர் கத்தியை நீரில் அமிழ்த்துவதில்லை. சிவந்த கத்தியைப் பிடித்துக்கொண்டு, தேநீர்க் கேத்தலின் மூக்கால் நீரை வாயின் நெடுக மெல்லிய தாரையாக ஊற்றுகின்றனர். நீர் பட்ட வாய் வன்மையாகின்றது. படாத முதுகு மென்மையாக நிற்கின்றது. பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலைக்குக் கை மிகவும் பழகவேண்டும். தாரை ஓரிடத்தில் தங்கினால் அவ்விடம் வெடிக்கும்; ஓரிடத்தை விட்டுவிட்டால் அவ்விடம் மடியும்.

யப்பானிய வாள் செய்வோர் முறை வேறு. களிமண், கரித்தூள், கற்பொடி ஆகியவற்றைக் குழைத்து முதுகில் தடிப்பாகவும் வாயில் மிக மெல்லிதாகவும் பூசி உலர்த்திக் காய்ச்சி, வாள் முழுவதையும் நீரில் அமிழ்த்துவர். தடித்த மண்ணின் கீழுள்ள முதுகு மெல்ல ஆறி மென்மையாகவே நிற்கும்.

வெல்லாவெளிப் பக்கத்துத் தாக்கத்திக்கு இவ்விரண்டாவது வழியே பொருந்தும் எனலாம். களிமண்ணும் கரித்தூளும் சிறிது மணலும் சேர்த்துக் குழைத்து, முதுகிலிருந்து பாதி அகலம் வரையில், மண்வேலையறிந்தோர் சுவர் பூசுவது போல அழுத்திப் பூசவேண்டும். வாயில் எதுவும் பூசவேண்டாம். நிழலில் நன்கு உலர்ந்த பின்னரே நெருப்பில் வைக்கலாம். ஈரம் இருந்தால் மண் தெறித்து விழும். பிறகு காய்ச்சி, இளஞ்சூடான எண்ணெயில் முழுவதையும் அமிழ்த்தினால் வளைவைப் பற்றிய கவலை இல்லை. தாக்கத்தி மெல்லிய தகடாதலால் உலையிலிருந்து எடுத்தவுடனே ஆறத் தொடங்கும். எண்ணெய்ப் பாத்திரம் உலைக்கு அருகே ஓரெட்டில் இருத்தல் அவசியம். பல் வைத்த தாக்கத்தியாயின் பற்களை முன்னரே வெட்டிக்கொள்ளவேண்டும். தோய்த்த பின் உளி அதிற் பற்றாது.

பதம் இறக்குதல்

தோய்ச்சலோடு வேலை முடிந்ததென்று எண்ணுதல் பெருந்தவறு. அப்போது வாய் மிகக் கடினமாயிருக்கும், அதனாலேயே உதிரும். சிறிது சூடேற்றி அவ்வன்மையில் ஒரு பங்கைக் குறைத்தால்தான் உறுதி வரும்.

வாயைச் சாணைக்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு, நன்கு காய்ந்த தடித்த இரும்புக் கட்டியொன்றின்மேல் கத்தியின் முதுகை வைக்கவேண்டும். சூடு முதுகிலிருந்து வாயை நோக்கி ஏறும். அதனுடன் பளபளப்பான இடத்தில் நிறங்களும் ஏறிவரும். முதலில் இளவைக்கோல் நிறம், ஏறத்தாழ 220 பாகை. அடுத்துக் கபிலம், 250 பாகை அளவில். அதன்பின் ஊதா, 300 பாகையை அண்டி நீலம். சிறு கத்தியின் வாயில் வைக்கோல் நிறம் வந்தவுடனே கத்தியை எண்ணெயில் இட்டு நிறுத்திவிடவேண்டும். தாக்கத்திக்கும் அதுவே, அல்லது சற்றுக் கடந்த நிறம். முள்மரமும் வைரமும் வெட்டும் காட்டுக்கத்திக்குக் கபிலம் கடந்து ஊதா தொடங்கும் நிலை. கல்லிற் படும் மண்வெட்டிக்கு நீலம். முதுகு இவற்றையெல்லாம் கடந்து நீலமும் சாம்பலுமாகியிருக்கும், அது வேண்டுவதே.

வாயை மாத்திரம் தோய்த்து எடுத்த கத்தியில், முதுகில் எஞ்சியுள்ள சூடே இவ்வேலையைச் செய்துவிடுவதும் உண்டு. அனுபவமுள்ள கொல்லர் அவ்வாறே ஒரே சூட்டில் முடிப்பர். நிறம் விரைந்து ஓடுமாதலாற் புதிதாகக் கற்போருக்கு இரும்புக் கட்டி முறையே நல்லது.

வாங்கும்போதும் பின்னரும்

கத்தி வாங்கச் செல்வோர் ஒரு புதிய அரத்தைக் கையிற் கொண்டு செல்லலாம். அரம் வாயின்மேற் பற்றாமல் வழுக்கிச் சென்றால், அல்லது மிகச் சிறிதே பற்றினால், வாய் தோய்ந்திருக்கின்றது. முதுகில் அதே அரம் நன்றாகக் கடிக்கவேண்டும். முதுகிலும் வழுக்கினால் அக்கத்தியை வாங்காதிருத்தலே நலம். வாயையும் முதுகையும் ஒருசேரக் கடித்தால் அது தோயாத கத்தி. ஓசையை வைத்துக் கத்தியை மதிப்பிடுவோரின் வழக்கம் பெரிதும் நம்பத்தக்கதன்று; தோய்ந்த உருக்கும் தோயாத உருக்கும் தட்டினால் ஒன்றுபோலவே ஒலிக்கக்கூடும்.

நல்ல தோய்ச்சலுள்ள கத்தியைக் கெடுப்பவர் பெரும்பாலும் அதன் உரிமையாளரே. மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடிக்கும்போது வாயில் நீல நிறம் தோன்றினால் அவ்விடத்துப் பதம் போயிற்று. அடிக்கடி நீரில் தோய்த்து, கை பொறுக்கும் சூட்டிலேயே தீட்டவேண்டும். பிடி போடுவதற்கு வாலைக் காய்ச்சி மரத்தில் இறக்கும்போது சூடு வாய்ப்பக்கம் ஏறாதவாறு கத்தியை ஈரச் சாக்காற் சுற்றவேண்டும். பற்றை எரிக்குமிடத்திற் கத்தியைச் செருகிவைத்துவிட்டுச் செல்லும் வழக்கமும் விடத்தக்கது.

தோய்ந்த பகுதி வாயிலிருந்து ஓரளவு அகலமே உள்ளது. பல போகங்கள் தீட்டித் தேய்ந்தபின் அப்பகுதி முடிந்து மென்மையான உருக்கு வெளிப்படும். நெடுநாள் நன்றாயிருந்த கத்தி திடீரெனக் கூர் நில்லாமற்போவது இதனாலேயே. அதற்காகக் கல்லை மாற்றியும் பயனில்லை, புதுக்கத்தி வாங்கவும் வேண்டியதில்லை. முதுகு அகலமாயிருப்பின் அதே கத்தியைக் கொல்லரிடம் கொடுத்து, வாயை மெல்லிதாக அடித்து மீண்டும் தோய்ச்சல் இட்டுப் பெறலாம். மண்வெட்டியும் அவ்வாறே. வெட்டுக்காலம் நெருங்கிய பின் பட்டறைகளிற் கூட்டம் மிகும். அவசரத்தில் தோய்ச்சலே முதலிற் குறுக்கப்படும். ஆதலால் மாரி மழை தொடங்கி விதைப்பு முடிந்து வயலிற் கைவேலை குறைந்திருக்கும் நாட்களிலேயே கருவிகளைக் கொல்லரிடம் ஒப்படைத்து, அரச்சோதனை செய்து பெற்றுக்கொள்ளல் வேண்டும்.